ஸ்கார்ப்பியா சாத்தும் ஜன்னல்

1964 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு நியூயார்க்கில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடினார்கள். உலகம் அந்த நாளை அதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதே நாளில் லண்டன் கோவெண்ட் கார்டன் அரங்கிலிருந்து பூச்சினியின் 'தோஸ்கா' ஓபராவின் இரண்டாம் அங்கம் பிரிட்டிஷ் வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தோஸ்காவாக மரியா காலஸ், போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவாக டிட்டோ கோபி. கறுப்பு வெள்ளைப் படம், 405 வரிகள், ஒற்றை ஸ்பீக்கர். மூன்று அங்கங்களில் நடு அங்கம் மட்டும், ஏறக்குறைய 40 நிமிடம்.

காலஸ் அடுத்த ஆண்டு ஜூலையில் அதே அரங்கில் அதே வேடத்தைப் பாடியதோடு ஓபரா மேடைக்கு முடிவு கட்டிவிட்டார். 1977-ல் காலமானார். முதல் அங்கம் தொடங்கிக் கடைசித் திரை விழும்வரை ஒரு முழு ஓபராவில் அவரைக் காட்டும் படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1958-ல் பாரிஸ் விழா ஒன்றில் இதே இரண்டாம் அங்கத்தை இதே கோபியுடன் நடித்தது இருக்கிறது, இந்த லண்டன் அங்கம் இருக்கிறது, சில கச்சேரிப் பதிவுகள் இருக்கின்றன. அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய ஓபரா நடிகை என்று பலர் சொல்லும் ஒருவர் மேடையில் எப்படி நடந்தார், எப்படித் திரும்பினார் என்பதற்குச் சாட்சி இந்தச் சில துண்டுகள்தான்.

இன்று கைபேசியில் 'தோஸ்கா' என்று தட்டினால் நியூயார்க், லண்டன், ரோம், வியன்னா என்று வரிசையாக வந்து நிற்கிறது. பாதி சந்தாவில், பாதி இலவசமாக. பார்க்கக் கிடைக்குமா என்ற கவலை போய், எதைப் பார்ப்பது என்ற குழப்பம் வந்திருக்கிறது. இந்தக் குழப்பத்தில் நான் பிடித்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: தூரம். எது அருகில் இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்பதை ஒரு பதிவு என் காதுக்கும் கண்ணுக்கும் ஒழுங்காகச் சொல்கிறதா? இந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் வீட்டுக்கு வரும் ஓபராவில் நடந்த பெரிய மாற்றமும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்று ஒலியில் தூரம் தொலைந்திருந்தது. இன்று அது திரும்பி வந்துவிட்டது. ஆனால் படத்தில் இருந்த தூரம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோம், 1800 ஜூன். ஓவியன் கவரதோசி, தப்பி வந்த அரசியல் கைதி ஒருவனுக்கு அடைக்கலம் கொடுக்கிறான். அவன் காதலி தோஸ்கா புகழ்பெற்ற பாடகி. அவள்மீது கண் வைத்திருக்கும் ஸ்கார்ப்பியா ஓவியனைப் பிடித்துவந்து சித்திரவதை செய்து, அவன் உயிருக்கு அவளையே விலையாகக் கேட்கிறான். அவள் ஒப்புக்கொள்வதுபோல் நின்று ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொல்கிறாள். சம்மதத்தின் பேரில் ஓவியனுக்கு அவன் ஏற்பாடு செய்த பொய்யான மரணதண்டனை விடியற்காலையில் உண்மையாகவே நிறைவேறிவிடுகிறது. தோஸ்கா கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள். 1900 ஜனவரி 14-ல் ரோமிலேயே அரங்கேறிய ஓபரா இது.

இரண்டாம் அங்கத்தில் ஒரு ஜன்னல் வருகிறது. ஃபர்னீஸ் மாளிகையில் ஸ்கார்ப்பியாவின் அறை. இரவு உணவு மேசை. கீழ்த்தளத்தில் அரசியின் முன்னால் வெற்றி விழாக் கச்சேரி நடக்கிறது, முதன்மைப் பாடகி தோஸ்கா. ஜன்னல் திறந்திருப்பதால் பாடகர் குழுவின் ஒலியும், அதற்கு மேலாக எழும் தோஸ்காவின் குரலும் மிதந்து வருகின்றன. அறைக்குள்ளே ஸ்கார்ப்பியா கவரதோசியை விசாரித்துக்கொண்டிருக்கிறான். வெளியே கோயில் பாட்டைப் போல ஒரு கம்பீரம், உள்ளே குறுக்குக் கேள்வி. இரண்டு இசையும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. விசாரணை சூடேறும்போது ஸ்கார்ப்பியா எரிச்சலோடு போய் ஜன்னலைச் சாத்துகிறான். பாட்டு அறுந்து போகிறது. கவரதோசிக்குக் கேட்டுக்கொண்டிருந்த அவள் குரலும் அதோடு போகிறது. அறை சட்டென்று சுருங்கி, அதற்குள் இந்த இரண்டு பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

பூச்சினி தூரத்தையே ஒரு வாத்தியமாக வைத்து எழுதிய இடம் இது. அரங்கில் பாடகர் குழு மேடைக்குப் பின்னால் எங்கோ நிற்கும். அரங்க அமைப்பைச் சுற்றிக்கொண்டு ஒலி வரும். அது வெளியிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்லாமலே காது புரிந்துகொள்ளும். எந்தத் 'தோஸ்கா' பதிவு கைக்கு வந்தாலும் நான் முதலில் இந்த இடத்துக்குத்தான் போவேன். வெளிப்பாட்டு உண்மையிலேயே வெளியிலிருந்து வருகிறதா, அல்லது பக்கத்தில் பாடியதை ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்களா? ஜன்னல் மூடியதும் அறையின் ஒலி மாறுகிறதா? கதவு சேர்வதும் பாட்டு நிற்பதும் ஒரே கணத்தில் நடக்கின்றனவா? கடைசிக் கேள்வி என் வீட்டுப் பெட்டிக்கான சோதனையும்கூட. ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி ஒரு நொடியில் சிறு பங்கு பிந்தி வந்தால் இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

1964 பதிவு இந்தச் சோதனையில் தேறாது. ஒற்றை ஸ்பீக்கரில் 'தூரம்' என்பது வெறும் 'மெதுவாக' என்று ஆகிவிடுகிறது. அறைக்குள் இருப்பவரும் கீழ்த்தளத்தில் பாடுபவரும் ஒரே துளையிலிருந்து வருகிறார்கள். அந்தக் காலத்து வீட்டுப் பார்வையாளர் இதைப் பொறுத்துக்கொண்டார், வேறு வழியில்லை.

குரல் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுகிறவர்கள். எண்பது வாத்தியங்களுக்கு மேலே ஒரு தொண்டை எப்படிக் கேட்கிறது என்றால், பயிற்சி பெற்ற குரல் தன் சக்தியை ஏறத்தாழ 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் குவித்துக்கொள்கிறது. வாத்தியக் குழுவின் ஒலி அந்தப் பகுதியில் மெலிந்திருக்கும். அந்த இடைவெளி வழியாகக் குரல் கடைசி வரிசைவரை போகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் அந்தக் கடைசி வரிசை ஏறக்குறைய 3800 இருக்கைகளுக்கு அப்பால் இருக்கிறது. முன்பெல்லாம் பதிவுக்கான மைக்குகளை மேடை விளிம்பிலும் மேலே தொங்கவிட்டும் வைப்பார்கள். பாடகி பின்னால் நடந்து போனால் குரல் தேயும், முகத்தைத் திருப்பினால் மங்கும். அதை அப்போது குறையாகத்தான் சொன்னோம். ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்பதை அந்தத் தேய்வு நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று சில பதிவுகளில் விக்குக்குள்ளும் உடைக்குள்ளும் சின்ன மைக் ஒளிந்திருக்கிறது. மேடையின் எந்த மூலையில் நின்றாலும் குரல் நம் மடியில் வந்து உட்காருகிறது. சிறிய குரலும் பெரிய குரலும் ஒரே பருமனில் கேட்கின்றன. அதனால் ஒரு பாடகரின் குரல் எவ்வளவு பெரியது என்பதை வீடியோவை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது. குரலின் நிறம், சுருதி சுத்தம், சொல்லை எடுக்கும் விதம், மூச்சு இவற்றைச் சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் ஒலிப்பொறியாளரைப் பாராட்டியதாகத்தான் ஆகும்.

ஒலியில் தூரம் திரும்பி வந்த கதையில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. 1977 மார்ச் 15-ல் மெட்ரோபாலிட்டன் அரங்கிலிருந்து 'லா பொயெம்' அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. பாவரோட்டியும் ரெனாட்டா ஸ்கோட்டோவும் பாடினார்கள். அப்போது டிவியில் ஸ்டீரியோ கிடையாது. எனவே அதே நேரத்தில் எஃப்.எம். வானொலியிலும் ஸ்டீரியோவில் ஒலிபரப்பினார்கள். வீட்டுக்காரர் டிவியின் ஒலியைச் சுத்தமாக அடக்கிவிட்டு, பக்கத்தில் வானொலியை வைத்துக் கேட்டார். கண்ணுக்கு ஒரு பெட்டி, காதுக்கு ஒரு பெட்டி! அடுத்த ஆண்டு டிசம்பரில் இதே முறையில் 'தோஸ்கா' வந்தது. ஷெர்லி வெரட், பாவரோட்டி, கார்னெல் மெக்நீல் பாடிய அதை மேடையில் இயக்கியவர் 1964-ன் ஸ்கார்ப்பியாவான டிட்டோ கோபியேதான்.

பிறகு வீடியோ கேசட் வந்தது, லேசர் டிஸ்க் வந்தது. லேசர் டிஸ்க்கில் ஒலி அருமை, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம்தான். உணர்ச்சி உச்சத்தில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். நம் ஊரில் கேசட்டே அரிது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும், நம் பெட்டி பால் முறை. படம் நிறமிழந்து உருண்டு ஓடும். பால் முறையில் வேறொரு சங்கடமும் உண்டு. சினிமாச் சுருளில் நொடிக்கு 24 சட்டங்கள் என்று எடுத்ததை 25 ஆக ஓட்டினால் வேகம் நான்கு சதவீதம் கூடும். கூடவே சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறிவிடும். பேச்சுப்படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓபராவில் எல்லோர் குரலும் கொஞ்சம் இளைத்து, கொஞ்சம் அவசரப்படுவதுபோல் ஆகிவிடும். பழைய ஓபராப் படங்களின் டிவிடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் பார்க்க வேண்டிய விஷயம் இது.

ஓபராப் படம் என்று சொன்னதும் அந்தத் தனி வழியைப் பேசியாக வேண்டும். மேடையைப் படம் பிடிக்காமல், ஓபராவையே சினிமாவாக எடுப்பது. 1976-ல் ஜான்ஃப்ராங்கோ தெ போசியோ ரோமின் உண்மையான இடங்களிலேயே 'தோஸ்கா'வை எடுத்தார். ரைனா கபைவன்ஸ்கா, பிளாசிதோ தொமிங்கோ, ஷெரில் மில்ன்ஸ். ஸ்டுடியோவில் முதலில் பாடிப் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் வாயசைப்பது. தமிழ்ச் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. பின்னணிப் பாட்டோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் சினிமாவில் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஓர் ஆளை உண்டாக்குகின்றன. ஓபராப் படத்தில் குரலும் முகமும் ஒரே ஆளுடையவை. எனவே உச்ச சுரத்தில் கழுத்து நரம்பு புடைக்காமல் உதடு மட்டும் திறந்தால் அது உடனே உறுத்துகிறது. பாடும் உடம்பைக் காணோம். படம் கல்தூண்களுக்கு நடுவே நடக்கிறது, குரலோ மெத்தை போட்ட ஸ்டுடியோவில் ஒலிக்கிறது. தூரக் கணக்கு இரண்டு விதத்திலும் தவறிப்போகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு பைத்தியக்காரத் துணிச்சல் 1992 ஜூலையில் நடந்தது. துணிச்சல் என்று முழு மரியாதையோடு சொல்கிறேன். கதை நடக்கும் அதே இடங்களில், அதே நேரங்களில், நேரலையில் 'தோஸ்கா'. முதல் அங்கம் நண்பகலில் சாந்த் அந்திரேயா தெல்லா வாலே தேவாலயத்தில். இரண்டாம் அங்கம் அன்றிரவு ஃபர்னீஸ் மாளிகையில், இன்று பிரெஞ்சுத் தூதரகம் இருக்கும் அதே கட்டடத்தில். மூன்றாம் அங்கம் மறுநாள் விடியலில் சாந்த் ஆஞ்சலோ கோட்டையின் உச்சியில். கேதரின் மால்ஃபிட்டானோ, தொமிங்கோ, ருஜ்ஜேரோ ரைமோந்தி. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஒளிபரப்பு. இசை நடத்தியவர் பம்பாயில் பிறந்த சூபின் மேத்தா. அவரும் வாத்தியக் குழுவும் நகரின் வேறொரு பகுதியில் ஓர் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பாடகர்கள் ஆங்காங்கே மறைத்து வைத்த சின்னத் திரைகளில் மேத்தாவின் கையைப் பார்த்துப் பாடினார்கள்.

பாடும்போது மூச்சு வாங்குவதும், படியேறிய களைப்பும், விடியற்காலையில் இன்னும் முழுதாக விழிக்காத தொண்டையும் இந்தப் பதிவில் தெரிகின்றன. வாயசைப்புப் படம் எதிலும் இல்லாத உயிர் இதில் இருக்கிறது. ஆனால் காதை மட்டும் வைத்துக் கேட்டால் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே காற்றைப் பகிரவில்லை என்பது புரிந்துவிடும். குரல் மைக்கில் இருக்கிறது, வாத்தியம் வேறெங்கோ இருக்கிறது. அரங்கில் பாடகர் ஒரு சுரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் நடத்துநர் அவரோடு சேர்ந்து காத்திருப்பார். அந்த நெகிழ்வு இங்கே சுருங்கிவிடுகிறது. ஆனாலும் மூன்றாம் அங்கத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். அந்த அங்கத்தின் தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. இருட்டு, ஆட்டுமணிகள், தொலைவில் ஓர் இடைச்சிறுவன் ரோமானியப் பேச்சுமொழியில் பாடிக்கொண்டு போகிறான், பிறகு ஒவ்வொரு கோயிலிலிருந்தாக அதிகாலை மணி ஒலிக்கிறது, சில பக்கத்தில், சில எங்கோ. பூச்சினி இந்த மணிகளுக்காக ரோமுக்கே போய்க் கேட்டவர். புனித பேதுரு பேராலயத்தின் பெரிய மணி என்ன சுரத்தில் ஒலிக்கிறது என்று விசாரித்து, அதே கீழ்ச்சுரத்தை எழுதினார். 1992 பதிவில் அந்த இசைக்குமேல் உண்மையான ரோம் நகரத்தின் வானம் வெளுக்கிறது. கேமராவும் அவசரப்படாமல் தள்ளி நின்று பார்க்கிறது.

பெனுவா ஜாக்கோ 2001-ல் எடுத்த படம் வாயசைப்புப் பிரச்சினையை வேறு விதமாக அணுகியது. ஏஞ்சலா கெயோர்கியூவும் ரொபெர்ட்டோ அலான்யாவும் வேடத்தில் வண்ணத்தில் வருவார்கள். நடுநடுவே கறுப்பு வெள்ளையில், சாதாரண உடையில், ஸ்டுடியோவில் மைக் முன்னால் பாடுவார்கள். குரல் எங்கே உண்டானது என்பதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். படமாக அது என்னைப் பெரிதாக ஈர்க்கவில்லை.

2006 டிசம்பர் 30-லிருந்து மெட்ரோபாலிட்டன் அரங்கு தன் நிகழ்ச்சிகளை உயர்தெளிவுப் படமாக உலகத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியது. மும்பையின் என்.சி.பி.ஏ.யிலும் அவற்றைத் திரையிட்டு வருகிறார்கள். இன்று வீட்டுக்கு வரும் ஓபராவின் தோற்றத்தை இந்த ஏற்பாடுதான் பெருமளவு வடித்தது. பத்துப் பன்னிரண்டு கேமராக்கள்; மேடை விளிம்பில் தண்டவாளத்தில் ஓடும் தானியங்கிக் கேமரா; கணத்துக்குக் கணம் ஷாட் மாற்றம். ஒலி பல வழிகளில் பிரிந்து வருவதால் ஜன்னலுக்கு வெளியே பாடுவது வெளியே கேட்கிறது, மணிகள் நம் முதுகுக்குப் பின்னாலும் ஒலிக்கின்றன. காது இழந்திருந்ததெல்லாம் திரும்ப வந்துவிட்டது.

கண்ணுக்குத்தான் வருத்தம். 1964-ல் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போனதற்குக் காரணம் இருந்தது. 405 வரிப் படத்தில், சின்னப் பெட்டியில், மேடை முழுவதையும் காட்டினால் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். இன்று என் கூடத்தில் இருப்பது 55 அங்குலத் திரை. முழு மேடையைக் காட்டினாலும் பாடகியின் விரல் தெரிகிறது. நெருங்கிப் போவதற்கான காரணம் போய்விட்டது. கேமரா முன்னைவிட நெருங்கி வந்துவிட்டது. பற்கள், நாக்கின் அசைவு, நெற்றி வியர்வை, விக்கின் ஓரம் எல்லாம் தெரிகின்றன. கடைசி வரிசைக்காகக் கையை விரித்து நடிப்பவர் க்ளோசப்பில் மிகையாகத் தோன்றுகிறார். க்ளோசப்புக்காகக் கண்ணால் நடிப்பவரை அரங்கில் உட்கார்ந்தவர் காண்பதே இல்லை. இரண்டையும் ஒருசேரச் செய்யத் தெரிந்த புதிய வகை நடிகர்கள் உருவாகியிருக்கிறார்கள் என்பது உண்மை, அது பெரிய வரவு. ஆனால் ஒருவர் பாடும்போது இன்னொருவர் எப்படிக் கேட்கிறார் என்பதுதான் நாடகம். கேட்பவர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்.

கொலைக்குப் பிந்தைய அந்தச் சில நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்ப்பியா செத்துக் கிடக்கிறான். வாத்தியங்கள் மட்டும் வாசிக்கின்றன. தோஸ்கா துணியை நனைத்து விரல்களைத் துடைக்கிறாள், கண்ணாடி முன்னால் கூந்தலைச் சரிசெய்கிறாள், நகரைவிட்டுத் தப்பிப் போவதற்கான அனுமதிச் சீட்டை மேசையில் தேடுகிறாள். அது பிணத்தின் இறுகிய கையில் இருக்கிறது, உருவி எடுக்கிறாள். இந்த மனிதனைக் கண்டா ரோமே நடுங்கியது என்ற பொருளில் ஒரே சுரத்தில் ஒரு வரி. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, இரண்டு மெழுகுவர்த்திகளை அவன் தலைக்கு இரு பக்கமும் வைத்து, சுவரில் இருந்த சிலுவையை எடுத்து நெஞ்சின்மேல் கிடத்துகிறாள். தொலைவில் முரசு உருளும் ஓசை. பூச்சினிக்கு மூலமாக இருந்த சார்தூவின் நாடகத்தில் சாரா பெர்னார்ட் நடித்துக் காட்டியதிலிருந்து வந்த வழக்கம் இது.

இங்கே பிணமும் அவளும் ஒரே சட்டத்தில் இருந்தாக வேண்டும். அந்த அறையில் அவள் எங்கே நகர்ந்தாலும் அவன் கிடக்கிறான் என்பதுதான் காட்சி. அவள் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால் பதற்றத்தைப் பார்க்கிறோம், பயத்துக்குக் காரணமானது வெளியே போய்விடுகிறது. மெழுகுவர்த்தியை மட்டும் காட்டினால் விளம்பரப் படம்போல் ஆகிறது. லூக் போந்தி 2009-ல் மெட்ரோபாலிட்டனில் மெழுகுவர்த்தியையும் சிலுவையையும் எடுத்துவிட்டபோது முதல் நாள் பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள். இயக்குநருக்கு அந்த உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு, தவறான ஷாட்டால் அழிக்கிற படப்பிடிப்புகளைப் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை. இப்போது எந்தப் பதிவையும் எடைபோட நான் பார்க்கும் இரண்டாவது இடம் இது. எத்தனை நொடி கேமரா வெட்டாமல் நிற்கிறது, அவன் எவ்வளவு நேரம் சட்டத்துக்குள் இருக்கிறான் என்று பார்ப்பேன்.

காலஸும் கோபியும் இந்த அங்கத்தில் ஏன் இன்னும் நம்மை விடாமல் இழுக்கிறார்கள்? கத்தியை முதலில் காணும் கணத்தைப் பாருங்கள். ஸ்கார்ப்பியா அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் மேசையருகே வந்து, அவன் ஊற்றி வைத்த மதுக் கோப்பையை எடுக்கிறாள். கண் கத்தியில் விழுகிறது. காலஸ் அந்தக் கணத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. உடம்பு முழுவதும் நின்று போகிறது, அவ்வளவுதான். மங்கலான படம், தட்டையான ஒலி. ஆனாலும் அவள் தீர்மானிப்பதை நாமே கண்டுபிடிக்க அந்தப் பதிவு இடம் விடுகிறது. நான் பார்த்த பிற்காலப் பதிவுகள் சிலவற்றில் கத்தியின் க்ளோசப் முதலில் வந்துவிடுகிறது. அவளுக்கு முன்னால் நமக்குச் சொல்லிவிட்டால் அப்புறம் அவள் பார்வைக்கு என்ன வேலை?

2020 மார்ச்சில் அரங்குகள் மூடியபோது மெட்ரோபாலிட்டன் தன் சேமிப்பிலிருந்து நாளுக்கு ஒரு ஓபராவை இணையத்தில் இலவசமாக விட்டது. ஓபரா என்றால் என்னவென்றே அறியாமல் இருந்த பலர் அந்த மாதங்களில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். பழைய டிவி ஒளிபரப்பும் புதிய உயர்தெளிவுப் பதிவும் அடுத்தடுத்த நாள் வந்ததால், காலங்களை ஒப்பிட்டுப் பார்க்க அதுவரை கிடைக்காத வாய்ப்புக் கிடைத்தது. சப்டைட்டிலும் கூடவே வந்தது. வசன வரி முதலில் வீட்டுத் திரைக்கு வந்த பிறகுதான் அரங்குக்குள் நுழைந்தது என்பதை இன்று பலர் அறிய மாட்டார்கள். கனடாவில் 1983-ல் மேடைக்கு மேலே வரியை ஓட்டினார்கள். மெட்ரோபாலிட்டனில் இருக்கைக்கு முன்னால் சின்னத் திரை வந்தது 1995-ல். தமிழ் வரிகளோடு ஒரு 'தோஸ்கா'வை நான் இதுவரை கண்டதில்லை. ஆங்கில வரியும் ஒழுங்கான நேரத்தில் வர வேண்டும். பாடகி வாயைத் திறக்குமுன் பதில் திரையில் வந்துவிட்டால் காட்சி அங்கேயே செத்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் கொஞ்சம் இருக்கின்றன. முதல் அங்கத்தின் முடிவில் பாடகர் குழு, ஆர்கன், மணி, பீரங்கி எல்லாம் சேர்ந்து முழங்கும் 'தெ தேயும்' வரும்; ஒலி அளவை அதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். தொடக்கத்தில் மெதுவாக இருக்கிறதே என்று கூட்டிவிட்டு, பிறகு அண்டை வீட்டுக்காரருக்காகப் பதறிக் குறைத்தால் பூச்சினி கட்டிய ஏற்றம் முழுவதும் வீணாகிவிடும். டிவியில் 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கும். மெல்லியதை ஏற்றி, பலத்ததை இறக்கிச் சமன் செய்யும். செய்திக்கு நல்லது, ஓபராவுக்கு விஷம். சுவரைப் பார்த்து ஒலிக்கும் டிவி ஸ்பீக்கரை நம்புவதைவிட, கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோனே போதும்.

முதல் முறையாகப் பார்க்கப் போகிறவருக்கு, 2011 ஜூலையில் கோவெண்ட் கார்டனில் அந்தோனியோ பப்பானோ நடத்த, கெயோர்கியூ, யோனாஸ் காஃப்மன், பிரின் டெர்ஃபல் பாடிய பதிவைத்தான் கொடுப்பேன். 1964-ல் காலஸுக்காக ஜெஃபிரெல்லி இயக்கிய மேடையாக்கம் அங்கே நாற்பது ஆண்டுகள் ஓடியது. அதன் இடத்தில் 2006-ல் ஜொனதன் கென்ட் இயக்கிய மேடையாக்கம்தான் இதில் இருக்கிறது. மூவரும் பாட்டாலும் நடிப்பாலும் ஒருவருக்கொருவர் ஈடுகொடுக்கிறார்கள். வாத்தியக் குழு பாடகரோடு சேர்ந்து மூச்சு விடுகிறது. க்ளோசப் எனக்கு வேண்டியதைவிட அதிகம்தான், ஆனால் கதை தொலைவதில்லை. அதைப் பார்த்து முடித்த மறுநாள் காலஸ்–கோபியின் 40 நிமிடத்தைப் பார்க்கச் சொல்வேன். 1992 ரோம் பதிவின் மூன்றாம் அங்கத்தை மட்டும் தனியாக, அதிகாலையில், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. 1976 படத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.